நாலு பல் குறைச்சல்

யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். முகம் அப்புறம். பெயர் அதற்கும் அப்புறம். ஒருமுறை தெருவில் ஒருவர், "என்னைத் தெரியலையா?" என்று வழிமறித்தார். திருதிருவென்று விழித்தவள், அவர் சிரித்ததும் "அட, மேல்வரிசை, இடது ஓரம்!" என்று கூவினாள். அவர் வாயில் இருந்தது அவள் செய்த பல். அதனால் வீட்டிலும் வெளியிலும் அவளுக்குப் பல்லுக்காரி என்றே பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது மின்கட்டண ரசீதோடு சரி.

பொய்ப்பல் செய்வது அவள் தொழில். நோயாளியின் வாயில் அச்செடுத்து, அந்த அச்சில் ப்ளாஸ்டர் ஊற்றி, மருத்துவர்கள் தாடை வார்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நாள் காலையும் இரண்டு மூன்று மருத்துவமனைகளில் ஏறி இறங்கி அந்தத் தாடைகளை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, தேய்த்து, மெருகேற்றி, ஊரார் மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போடும்படி செய்து அனுப்புவாள். முன்பல் என்றால் அவள் கைதான். சற்றே கோணலாக, லேசாகக் கறை படிந்தாற்போல், பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த பல் மாதிரி வைப்பாள். பளீரென்று வரிசையாக வைத்தால், "வாய்க்குள்ள குளியலறை டைல்ஸ் ஒட்டின மாதிரி இருக்கும்" என்பாள்.

இந்தக் கண்ணால் அவளுக்கு நஷ்டமும் உண்டு. அவளை விரும்பிய ஒருவரோடு தேநீர் குடிக்கப் போனவள், பத்து நிமிடத்தில் "உங்க கோரைப்பல் பொய்ப்பல்தானே? எந்தப் பாவி செஞ்சான்? கடிப்பே சரியில்லையே" என்று கேட்டுவிட்டாள். அவர் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனவர்தான். அவளுக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பல்லை எடுத்துச் சரிசெய்ய முடியாமல் போனதில்தான் வருத்தம்.

தொழிலில் அவளுக்கு ஒரு வேதம் உண்டு. பட்டறைக்குப் புதிதாக யார் வந்தாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டாள். "வெறும் வாயில எல்லாப் பல்லும் பொருந்தும். மென்னு பார்த்தாத்தான் குட்டு வெளிய வரும்." பல்செட்டை மாட்டி, கண்ணாடியில் சிரித்து, "பிரமாதம்" என்று வீட்டுக்குப் போகிறவர்கள்தான் மறுநாள் காலை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எங்கே மோதுகின்றன என்று பார்க்க அவளிடம் நீலச்சாயம் இருக்கும். பூசி, ஏதாவது ஒன்றை மெல்லச் சொல்வாள். எந்தப் பல்லில் நீலம் அழிந்திருக்கிறதோ, அந்தப் பல்தான் வேலை செய்கிறது. அழியாதது சும்மா வேடிக்கை பார்க்கிறது.

இதெல்லாம் அக்காள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த பட்டறைக்கு நடந்து போய்வந்த காலம். பிறகு வாடகை ஏறியது. பட்டறை முதலாளியம்மா ஊருக்கு வெளியே மலைமேல் ஒரு பழைய மரக்கிடங்கைப் பிடித்துக்கொண்டார். காற்று வரும், வெளிச்சம் வரும், வாடகை கேட்கத்தான் ஆள் வராது என்றார். அங்கே போய்க்கொண்டிருந்த ஒரே பஸ், மழையில் சாலையின் ஓரம் உள்வாங்கியதும் நின்றுபோயிற்று. கார் போக இடம் இருந்தது. பஸ் போக இல்லை.

"எதுக்குக் கவலை? நான் இருக்கேன்ல" என்றார் மாமா. அக்காளின் கணவர். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம்தான் அந்த வீட்டில் கவலையே தொடங்கும்.

மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். பள்ளி என்றால் ஒரு கார், ஒரு மேஜை, சுவரில் ஒரு பெரிய கியர் படம். மலைச்சாலையில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவதுதான் பாடத்திலேயே கடினமான பாடம். அந்தப் பாடத்தை அவர் காலையில் வைத்துக்கொண்டார். ஆக, பல்லுக்காரி மடியில் தாடைப் பையோடு பின் சீட்டில் உட்கார, முன்னால் யாராவது ஒரு கற்றுக்குட்டி ஓட்ட, பக்கத்தில் மாமா தனக்கென்று பொருத்திய இரண்டாவது பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்ய, மூவருமாக மலையேறினார்கள். ஏறினார்கள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. குதித்துக் குதித்துப் போனார்கள்.

அந்த நாட்களில் முக்கியமான மாணவர், தெருமுனையில் கடை வைத்திருந்த முடிதிருத்துபவர். கழுத்தில் கத்தி வைக்கும்போது மயிரிழைகூட நடுங்காத கை. ஆனால் கிளட்சைத் தொட்டால் கால் தையல் மெஷின்போல ஆடும். மலையில் தார் முடிந்து ஜல்லியும் சேறுமாகத் தொடங்குகிற இடத்தில் ஒரு செங்குத்தான வளைவு. அங்கே கார் ஒவ்வொரு நாளும் ஒரு உறுமல் உறுமி, ஒரு குலுக்கு குலுக்கி, உயிரை விடும்.

"மெதுவா கிளட்சை விடுங்க, மெதுவா."

"விட்டா நிக்குது சார். விடாட்டி போக மாட்டேங்குது."

"பாதி விடுங்க!"

"எந்தப் பாதி சார்?"

அப்படி ஒரு குலுக்கலில்தான், மாமா தன் பிரேக்கை ஓங்கி மிதிக்க, பை முன்னால் பாய்ந்து ஒரு தாடை இரண்டாய்ப் போனது. எடுத்துப் பார்த்தாள். கீழ்த்தாடை, வலதுபக்கம் கடைவாய்ப் பற்கள் இல்லை. மாமாவின் தாடை. முந்தின நாள்தான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்து, ஓங்கரித்து, மருத்துவரைத் திட்டி, அந்த அச்சைக் கொடுத்திருந்தார். தன் தாடையைத் தன் காலாலேயே உடைத்துக்கொண்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அதற்கு முன்னும் பின்னும் வேறு சிலருடைய தாடைகளும் உடைந்தன. உடைந்தால் அந்த நோயாளி மறுபடி வந்து வாயைப் பிளக்க வேண்டும். மருத்துவர்கள் முதலாளியம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளியம்மா கத்துகிறவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவார். அதுதான் பயம்.

"இங்க பாரு. உன் கையை நான் விட விரும்பல. ஆனா கை மட்டும் வந்து சேர்ந்தா போதாது, தாடையும் முழுசா வந்து சேரணும். அதுக்கு ஒரு வழி பண்ணு. முடியாதுன்னா, கீழ கிளினிக்ல முன்னறையில ஆள் கேக்கறாங்க. டோக்கன் கொடுத்துக்கிட்டு நீ அங்க உக்காரு. இந்த மேஜைக்கு மலைமேல குடியிருக்கிற ஆளா ஒருத்தரைப் பார்த்துக்கறேன்."

டோக்கன். அன்று முழுவதும் அவளுக்கு மெழுகு கையில் ஒட்டவில்லை. ஜன்னலோர மேஜை, சின்னச் சின்னக் கத்திகள், டப்பா டப்பாவாகப் பற்கள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "அடுத்தவர் வாங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்து, பதித்த பல்லையே பிடுங்கிப் பிடுங்கிப் பதித்தாள். அதுவும் வருகிறவன் பூராவும் கன்னம் வீங்கி வாயை மூடிக்கொண்டு வருவான். ஒரு பல்லைக்கூடப் பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும், "மலைச் சைக்கிள் வாங்கப் போறேன்" என்றாள்.

துணி மாற்றித் தைத்துக் கொடுக்கும் அக்காள், வாயில் குண்டூசிகளோடு தலையசைத்தாள். அடுத்த நாளே பழைய பை ஒன்றைப் பிரித்து, பஞ்சுத்தகடு வைத்து, தாடைக்கு ஒன்றாகத் தனித்தனி அறை தைத்துக் கொடுத்தாள். முதுகில் மாட்டினால் இம்மி அசையாத பை. அந்த மாதிரி ஒரு பையைக் கடையில் தேடினாலும் கிடைக்காது என்பதை இங்கே சொல்லி வைக்கலாம்.

மாமா சும்மா இருப்பாரா? "சைக்கிள் வாங்கறதுன்னா கியர் பார்த்து வாங்கணும். கியர் பத்தி இந்த ஊர்ல என்னைவிட யாருக்குத் தெரியும்?"

"கார் கியர் மாமா."

"கியர்னா கியர்தான். முன்னால மூணு பல்சக்கரம், பின்னால ஒன்பது. மூவொன்பது இருபத்தேழு. என் சைக்கிள் மாதிரி. எந்த மேட்டுக்கும் ஒரு கியர் இருக்கும். குறைஞ்ச கியர் வாங்கறவன் ஏமாளி."

அவர் சைக்கிள் வராந்தாவில் பல வருடமாக நின்றது. ஹேண்டிலில் துண்டு காயும், நடுக்கம்பியில் போர்வை காயும். வீட்டிலேயே அதிகமாக உழைக்கிற பொருள் அதுதான். ஓடுவது மட்டும் இல்லை.

சைக்கிள் கடைக்காரருக்கு ஊரில் கிரீஸ் என்று பெயர். கல்யாணத்துக்குப் போனாலும் நகத்தில் கறுப்பு இருக்கும். பல்வரிசை நல்லது, கீழே மட்டும் கொஞ்சம் நெரிசல் என்று பல்லுக்காரி கணக்கெடுத்துக்கொண்டாள். அவர் மூன்று சக்கரக் கதையைக் கேட்டுக் கையை உதறினார்.

"அந்தக் காலம் போயிடுச்சு மேடம். இப்ப முன்னால ஒண்ணே ஒண்ணு. பின்னால பன்னிரண்டு. பின்னால பெரிய சக்கரத்துக்குச் செயினைத் தள்ளினா லேசா ஏறலாம், சின்னதுக்குத் தள்ளினா வேகமாப் போகலாம். ஒரே கையில வேலை முடிஞ்சுது. முன்னால செயின் கழண்டு விழற தொல்லையே கிடையாது."

"இருபத்தேழை விட்டுட்டுப் பன்னிரண்டா? பாதிக்கும் கீழ!" என்றார் கூடவே வந்திருந்த மாமா.

"சார், உங்க இருபத்தேழுல பாதி ரெட்டைப் பிறவி. முன்னால நடுச்சக்கரம், பின்னால இது; முன்னால பெருசு, பின்னால அது; ரெண்டும் காலுக்கு ஒண்ணுதான். சும்மா எண்ணிக்கைக்கு."

பல்லுக்காரி இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் குனிந்து பின்னடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய தட்டு மாதிரி ஒரு சக்கரம், அதற்கு மேல் சின்னது, அதற்கு மேல் அதைவிடச் சின்னது. வட்டமாக உட்கார்ந்த பன்னிரண்டு வாய். விரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். எல்லாம் கூர்மை, எல்லாம் புதுசு. புதுப்பல்லைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்று கிரீஸ் கடைவாசலைக் காட்டினார்.

சமதரை, சிமெண்டு. அவள் சிரித்தாள். "வெறும் வாயில எல்லாப் பல்லும் பொருந்தும். நான் இதை மலைக்கு எடுத்துட்டுப் போகணும். பல்லுக்குச் சாயமும் பூசுவேன். கழுவித் தந்துடறேன்."

கிரீஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வாடகைக்கென்று ஒரு சைக்கிள் வைத்திருந்தார். முன்னால் ஒன்று, பின்னால் பன்னிரண்டு. கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வராந்தாவில் சோதனை தொடங்கியது. முதலில் மாமாவின் சைக்கிள். போர்வையை எடுத்து, காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, முன்னாலும் பின்னாலும் இருந்த அத்தனை பல்லின் நுனியிலும் அவள் தூரிகையால் நீலச்சாயம் பூசினாள். மாமா வயிற்றை எக்கிக்கொண்டு ஒரு பழைய காற்சட்டைக்குள் நுழைந்தார்.

"இருபத்தேழையும் காட்டறேன் பாரு" என்று கிளம்பினார். மலையின் முதல் திருப்பம் வரை போய், தக்காளி நிற முகத்தோடு திரும்பி வந்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தாள். முன்னால் நடுச்சக்கரத்தில் நீலம் அழிந்திருந்தது. பின்னால் இரண்டே இரண்டில் அழிந்திருந்தது. மீதி அத்தனையும் மணப்பெண் மாதிரி அலங்காரம் கலையாமல் இருந்தன.

"மாமா, இருபத்தேழுல ரெண்டு."

"மத்ததெல்லாம் தேவைக்கு இருக்கணும்ல? ஸ்டெப்னி மாதிரி."

"இருபத்தஞ்சு ஸ்டெப்னியா?"

உள்ளே தையல் மெஷின் நின்றது. குண்டூசி வாயோடு அக்காள் சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமா தண்ணீர் கேட்டார்.

அடுத்து அவள் போனாள். வாடகைச் சைக்கிளில், நீலம் பூசி, மலை உச்சி வரைக்கும். மூச்சு வாங்கியது, கால் கடுத்தது, ஆனால் நிற்காமல் ஏறினாள். அந்தப் பொல்லாத வளைவில் ஜல்லி சறுக்கியபோதும் இறங்கவில்லை. மரக்கிடங்கின் பூட்டிய கதவைக் கையால் தட்டிவிட்டு, வாயில் காற்றடிக்க இறங்கி வந்தாள். கவிழ்த்துப் பார்த்தால், பின்னால் இருந்த பெரிய சக்கரங்கள் இரண்டிலும் நீலம் அப்படியே இருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு எதற்கு? கடையில் இன்னொன்று இருந்தது. பின்னால் பத்து, பெரிய சக்கரமும் கொஞ்சம் சிறிது, விலையும் கம்மி, பிரேமும் உறுதி. அது போதும். தன் வேதத்தின்படி மென்று பார்த்தாகிவிட்டது. திங்கட்கிழமையே வாங்கிவிட்டாள்.

"பன்னிரண்டே எடுத்துக்கலாமே மேடம்" என்றார் கிரீஸ்.

"வேடிக்கை பார்க்கிற பல்லுக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும்?" என்றாள்.

அன்று இரவு உணவின்போது மாமா பந்தயம் கட்டினார். "நாளைக்குப் பையோட ஏறு. ஏத்தம் தொடங்கற இடத்துலேர்ந்து பட்டறை வாசல் வரைக்கும் கால் தரையில படக்கூடாது. ஏறிட்டா, அப்புறம் இந்த விஷயத்துல நான் வாயே திறக்க மாட்டேன். கால் ஊனினியோ, மறுபேச்சு பேசாம என் பின் சீட்டு."

"அவர் வாயை மூடறதுக்காகவாவது ஏறிடுடி" என்றாள் அக்காள்.

மறுநாள் மருத்துவமனைகளில் தாடைகளை வாங்கிப் பையில் அடுக்கி, மாட்டிக்கொண்டு மிதித்தாள். சமதரையில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்றம் தொடங்கியதும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. தாடைகள் ப்ளாஸ்டர். ப்ளாஸ்டர் என்பது கல்லுக்குத் தம்பி. ஒரு டஜன் பேர் தாடையைக் கழற்றி அவள் முதுகில் வைத்திருக்கிறார்கள். பாதியிலேயே செயின் பெரிய சக்கரத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் கட்டைவிரல் நெம்பியும் கியர் இல்லை. வளைவில் முழங்கால் 'நறுக்' என்றது. சைக்கிள் நின்றது. நின்ற சைக்கிளில் உட்கார்ந்திருக்க அவள் சர்க்கஸ்காரி இல்லை. கால் தரையில் பட்டது.

பின்னாலேயே பயிற்சிக் கார் வந்துகொண்டிருந்தது. மாமா கண்ணாடியை இறக்கினார். வெளியே வந்து சைக்கிளை டிக்கியில் கட்டினார். பின் கதவைத் திறந்துவிட்டார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பின் சீட்டில் குலுங்கிக்கொண்டு போகும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை முதுகில் பை இல்லை. வெறும் வாயில் பொருந்தியதை நம்பாதே என்று ஊரெல்லாம் உபதேசம் செய்தவள், வெறும் முதுகோடு போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். யாரிடம் சொல்வது? முன் சீட்டில் முடிதிருத்துபவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "கவலைப்படாதீங்க மேடம், எனக்கும்தான் இந்த வளைவு வரமாட்டேங்குது" என்றார். அனுதாபத்தில் காலை ஆட்டிவிட்டார் போல, வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது.

அந்த வாரம் முழுக்கப் பின் சீட்டு. அக்காள் தைத்த பையின் புண்ணியத்தில் எதுவும் இரண்டாகவில்லை. ஆனால் ஒரு மேல்தாடையில் பல்லின் ஓரம் சற்றே பெயர்ந்தது. அவள் அதைப் பசைபோட்டு ஒட்டி, தேய்த்து, மேஜை ஓரம் வைத்தாள். முதலாளியம்மா கடந்து போகும்போது அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வைத்துவிட்டுப் போனார். மதியம் தொலைபேசியில் யாரிடமோ, "முன்னறை வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கலையே?" என்று அவர் கேட்பது தடுப்புச் சுவரைத் தாண்டிக் கேட்டது.

பட்டறைக் குப்பையில் கழித்துப் போட்டிருந்த பழைய தாடைகளையெல்லாம் அவள் சனிக்கிழமையே பொறுக்கி வந்து, மறுநாள் ஞாயிறு பையில் நிரப்பினாள். அவற்றின் சொந்தக்காரர்களில் நிறையப் பேர் இப்போது உயிரோடு இல்லை; தாடை மட்டும் மலையேற வந்தது. தன் புதுச் சைக்கிளின் எல்லாப் பல்லுக்கும் நீலம் பூசி, வளைவு வரை மிதித்தாள். அதே இடத்தில் அதே 'நறுக்'. இறங்கினாள். இந்தத் தடவை இறங்கத்தான் வந்திருந்தாள். திரும்பிச் சமதரையில் ஊரைச் சுற்றி, கடைத்தெரு வழியாக வீட்டுக்கு வந்து, சைக்கிளைச் சமையலறைத் தரையில் கவிழ்த்தாள்.

"அடுப்பு பக்கமா எண்ணெய் சொட்டுச்சுன்னா உன்னையும் சேர்த்துத் துடைப்பேன்" என்றாள் அக்காள்.

"மாட்டேன்க்கா. இங்க பாரேன்."

பெரிய சக்கரத்தில் நீலத்தின் அடையாளமே இல்லை. வெள்ளி தெரியத் தேய்ந்திருந்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே. நடுவில் கொஞ்சம் கொஞ்சம் அழிந்திருந்தது. கடைசியில் இருந்த சின்னச் சக்கரங்கள் இரண்டிலும் ஒரு பல்கூட அழியவில்லை.

அவள் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். இந்தக் காட்சி அவளுக்குப் பழக்கமானதுதான். வாயின் ஒருபக்கம் மட்டும் அடி வாங்கும். இன்னொரு பக்கம் தொடவே தொடாது. அனுபவமில்லாதவன் உடனே "செட்டே தப்பு, புதுசா செய்" என்பான். செட் தப்பில்லை. எங்கேயோ ஒரு பல் உயரமாக இருக்கும். அதைத் தேய்த்துவிட்டால் மொத்த வாயும் இடத்தில் உட்காரும்.

அக்காள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் பிடிக்குது, அந்தப் பக்கம் தொளதொளங்குது. சட்டை சின்னது இல்லைடி. தோள் இறங்கியிருக்கு."

"அதேதான்க்கா. பத்தும் போதும். பத்தும் ஒரு பக்கமா நகரணும்."

"பத்தையும் எப்படி நகத்துவே?"

"பின்னால ஒண்ணையும் தொடவேண்டாம். முன்னால இருக்கிற ஒத்தைச் சக்கரம்தான் அந்த உயரமான பல்லு."

திங்கட்கிழமை மாலை கடையில் மூவரும் மறுபடி கூடினார்கள். மாமா, "சைக்கிளையே மாத்திடு, மூணு சக்கரம்தான் சரி" என்றார். கிரீஸ், "பின்னடுக்கை மாத்தலாம், இன்னும் பெருசா ஒண்ணு இருக்கு" என்றார். அவள் சைக்கிளைத் திருப்பி நீலத்தைக் காட்டினாள்.

"பின்னால பெருசு போட்டா ஏறிடுவேன். ஆனா இந்த ரெண்டு சின்னதும் அப்பவும் வேடிக்கைதான் பார்க்கும். முன்னால எத்தனை பல்லு?"

"முப்பத்திரண்டு."

"மனுஷனுக்கு அது சரி. சைக்கிளுக்கு அதிகம். குறைச்சலா என்ன இருக்கு?"

கிரீஸ் நீலம் பூசிய பின்னடுக்கை மெல்லச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சின்னதாக ஒரு சக்கரத்தோடு வந்தார். "இருபத்தெட்டு. முன்னால சின்னதாச்சுன்னா எல்லாக் கியரும் ஒரு படி லேசாகும். செயின்ல ரெண்டு கண்ணி கழட்டணும். ஆனா மேடம், சமதரையில ரொம்ப வேகமா மிதிக்க முடியாது. காலு சும்மா சுத்தும்."

"எறக்கத்துல காத்தாடி மாதிரி சுத்துவே. பார்க்கறவன் சிரிப்பான்" என்றார் மாமா.

"எறக்கத்துல நான் எதுக்கு மாமா மிதிக்கணும்? அதைத்தான் மலையே பார்த்துக்குமே."

கிரீஸ் மாற்றிக் கொடுத்தார். அதோடு, நீலச்சாயம் எங்கே கிடைக்கும் என்றும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மாமா வாசலிலேயே நின்றார். "பந்தயம் அதே பந்தயம்தான்."

"அதேதான்."

அன்று பையில் தாடைகள் வழக்கத்தைவிட அதிகம். அதில் ஒன்று மாமாவுடையது. இரண்டாவது தடவையாக ஓங்கரித்துக் கொடுத்த அச்சு. முதலாளியம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார்: "நாளைக்கு வர்றதை நானே பிரிச்சுப் பார்க்கிறேன்." ஒன்று உடைந்தாலும் டோக்கன்தான் என்று அவளுக்குத் தெரியும்.

ஏற்றம் தொடங்கியது. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஆனால் இந்தத் தடவை அவ்வளவு பலமாக இல்லை. தார் முடியும் இடத்தில் பார்த்தாள், இன்னும் ஒரு கியர் மிச்சம் இருந்தது. வேகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு நாய் கூடவே நடந்து வந்து, அலுத்துப்போய் முன்னால் போய்விட்டது. அவள் போகட்டும் என்று விட்டாள். மூச்சு, மிதி, மூச்சு, மிதி. முழங்கால் வாயைத் திறக்கவில்லை.

வளைவுக்கு வந்தபோது அங்கே கார் நின்றது. அவள் ஜெயிப்பதைக் கண்ணால் பார்க்கக்கூடாது என்றோ, தோற்பதை முதலில் பார்க்க வேண்டும் என்றோ மாமா சீக்கிரமே கிளம்பியிருந்தார். முடிதிருத்துபவர் வழக்கம்போல் கிளட்சில் எந்தப் பாதி என்று தெரியாமல் வண்டியை அணைத்திருந்தார். பின்சக்கரம் சேற்றில் இறங்கியிருந்தது. மாமா காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் நின்று முதுகால் முட்டிக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் முதன்முறையாக உண்மையான மகிழ்ச்சி.

"ஏய், வந்துட்டியா! எறங்கு, எறங்கு! ஒரு கை போடு, ரெண்டு பேருமா தள்ளினா ஏறிடும்!"

கடைசிக் கியரைப் போட்டாள். செயின் 'டக்' என்று பெரிய சக்கரத்தில் உட்கார்ந்தது. ஜல்லி சறுக்கியது, சக்கரம் பிடித்தது, அவள் காரின் ஓரமாக நத்தைபோல் ஊர்ந்தாள்.

"காதுல விழலையா? எறங்குன்னேன்!"

"எறங்க முடியாது மாமா," என்றாள் மூச்சிரைக்க. "கால் ஊனினா பின் சீட்டு!"

"பந்தயம் கிடக்கட்டும், முதல்ல தள்ளு!"

"கிடக்கட்டும்னா தோத்தது யாரு?"

மாமா வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்திருந்த முடிதிருத்துபவர் தலையை வெளியே நீட்டி, "நீங்க போங்க மேடம், நாங்க பழகிட்டோம்" என்றார்.

பட்டறை வாசலில் முதலாளியம்மா நின்றிருந்தார். அவள் வாசற்படியில் முட்டும்வரை மிதித்து, அதற்கப்புறம்தான் காலை ஊன்றினாள். கால் அவளுடையது மாதிரியே இல்லை. முதலாளியம்மா பையை வாங்கி, ஒவ்வொரு அறையாகத் திறந்து, ஒவ்வொரு தாடையாக எடுத்து, ஜன்னலோர மேஜையில் வரிசையாக வைத்தார். முழுசு. முழுசு. முழுசு. கடைசித் தாடையை வைத்துவிட்டுக் கண்ணாடியில் கை வைத்தார். முதலாளியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாரே தவிர, கழற்றவில்லை.

"இந்தப் பையை யார் தைச்சது?"

"எங்க அக்கா."

"இன்னொண்ணு தைக்கச் சொல்லு. நாளையிலேர்ந்து கிழக்குப் பக்கத்துக் கிளினிக்கு வேலையும் உனக்குத்தான்." உள்ளே போய்விட்டார்.

அவள் தன் மேஜையில் உட்கார்ந்து மெழுகைச் சூடாக்கினாள். வரிசையில் முதலாவதாக எதை எடுப்பது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கீழ்த்தாடை, வலதுபக்கம் கடைவாய்ப் பற்கள் இல்லை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். மாமாவை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், ஒரு வார்த்தை பேசாமல் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கீழே வளைவிலிருந்து காரின் ஹாரன் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருங்க மாமா, வந்து தள்ளறேன்" என்று தாடையிடம் சொல்லிவிட்டு, அதைப் பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் நடந்தே இறங்கினாள்.